முதுமை பற்றிய கொள்கை ஆய்வுகள்: ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் அண்மைக்காலச் சமூக வரலாற்றில் ஆரவாரமின்றி நிகழ்ந்த பெருமாற்றங்களுள் ஒன்று குடித்தொகையின் வயதமைப்பில் ஏற்பட்ட மாற்றமாகும். 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அறுபதும் அதற்கு மேலும் வயதினர் மொத்தக் குடித்தொகையில் 6.6 சதவீதத்தினராயிருந்தனர். 2012 இல் அவர்கள் 12.4 சதவீதத்தினராயினர். முப்பத்தோராண்டு இடைவெளியில் முதியோரின் பங்கு ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது. மேலை நாடுகள் பலவற்றில் இம்மாற்றம் நிகழ்வதற்கு இதனினும் நீண்ட காலம் தேவைப்பட்டது.

இம்மாற்றத்தோடு ஒரு புதிய எழுத்து வகையும் நம்மிடையே தோன்றி வளர்ந்துள்ளது. முதியோரின் வருமானம், சுகாதாரம், பராமரிப்பு என்பன பற்றிய கொள்கை ஆய்வறிக்கைகளையே இங்குக் குறிப்பிடுகின்றோம். உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் உள்நாட்டு ஆய்வு நிறுவனங்களும் இவற்றை வெளியிட்டு வந்துள்ளன. ஓய்வு பெறும் வயது, ஓய்வூதியம், வைத்தியசாலைச் செலவு ஆகியவை பற்றிய அரச முடிவுகள் இவ்வறிக்கைகளின் மொழியிலேயே பேசப்படுகின்றன. ஆயினும் இவை பொருளியலாளருக்கும் நிருவாகிகளுக்கும் உரியன என்ற எண்ணம் காரணமாக நமது விமர்சன மரபு இவற்றைத் தீண்டாது விட்டுள்ளது. கவிதையும் நாவலும் மட்டுந்தான் விமர்சனத்துக்குரியன என்ற நியதி எதுவுமில்லை. ஓர் அறிக்கையும் மொழியால் ஆனதே. அதற்கும் ஒரு நோக்குநிலை உண்டு. அது சிலரைக் காணும், சிலரைக் காணாது விடும். அவ்வறிக்கைகள் யாரைப் பற்றிப் பேசுகின்றனவோ அவர்களுட் பெரும்பாலோர் அவற்றை வாசிக்க இயலாத மொழியில் அவை எழுதப்படுகின்றன என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாய்வுகளின் பெறுபேறுகளை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றின் அடிப்படைக் கருத்தாக்கங்கள் சில, அவற்றின் சொந்தச் சான்றுகளாலேயே ஐயத்துக்குள்ளாகின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இதன் நோக்கமாகும்.

1. ஆய்வுகளின் பின்னணி

முதுமை பற்றிய இன்றைய கொள்கைச் சிந்தனைக்கு வடிவங்கொடுத்த நூல்களுள் முதன்மையானது 1994 இல் உலக வங்கி வெளியிட்ட 'முதுமைக்கால நெருக்கடியைத் தவிர்த்தல்' என்னும் அறிக்கையாகும். உழைப்போரின் வரியிலிருந்து முதியோருக்கு வழங்கும் முறை நிலைக்காது. எனவே அரசின் சிறிய ஆதாரத் தூண் ஒன்றும், ஒவ்வொருவரும் தமக்கெனச் சேமிக்கும் கட்டாயத் தூண் ஒன்றும், விரும்பியோர் சேமிக்கும் தூண் ஒன்றுமாக மூன்று தூண்கள் வேண்டும் என்பது அதன் சாரம். இவற்றுள் நடுத்தூணுக்கே அழுத்தம் கொடுக்கப்பட்டது. 1981 இல் இராணுவ ஆட்சியின் கீழ் சிலி நாடு தன் ஓய்வூதிய முறையைத் தனியார் கணக்குகளாக மாற்றியமை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது.

இக்கருத்து எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதன்று. உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக அப்போதிருந்த ஜோசெப் ஸ்டிக்லிட்ஸ், பீற்றர் ஓர்சாக் என்பவருடன் சேர்ந்து 1999 இல் எழுதிய கட்டுரையில், தனியார் கணக்குகள் பற்றிய பத்து நம்பிக்கைகளை எடுத்து அவை ஆதாரமற்ற கற்பிதங்கள் என வாதிட்டார். சர்வதேசத் தொழில் தாபனம் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 1981 முதல் 2014 வரை முப்பது நாடுகள் ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ தனியார்மயமாக்கின என்றும், 2018 அளவில் அவற்றுட் பதினெட்டு நாடுகள் அம்முடிவிலிருந்து மீண்டுவிட்டன என்றும் காட்டிற்று. முன்மாதிரியாகக் கொள்ளப்பட்ட சிலியே 2008 இல் வறிய முதியோருக்கு வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியம் வழங்கும் நிலைக்கு வந்தது.

இலங்கை தொடர்பில் இரண்டு அறிக்கைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. ஒன்று, மூப்படையும் குடித்தொகையின் தேவைகளை எதிர்கொள்ளல் பற்றி 2008 இல் உலக வங்கி வெளியிட்டது. மற்றையது, 2019 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி வெளியிட்டது. 'செல்வமடையுமுன் முதுமையடைதல்' என்பது அதன் தலைப்பின் பொருள். இவ்வாய்வுகளின் பயனைக் குறைத்து மதிப்பிடல் நேர்மையாகாது. முறைசாராத் துறையில் உழைப்போருட் பெரும்பாலோருக்கு முதுமைக்கால வருமானப் பாதுகாப்பு இல்லை என்பதையும், தொற்றா நோய்களின் சுமை ஏறிவருவதையும், நீண்டகாலப் பராமரிப்புக்கான ஒழுங்குகள் மிகக் குறைவென்பதையும் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தவை இத்தகைய ஆய்வுகளே. குறை அவற்றின் தரவுகளில் இருப்பதைக் காட்டிலும், அத்தரவுகளை விளக்க அவை கையாளும் கருத்தாக்கங்களிலேயே கூடுதலாக உண்டு.

2. தங்கிவாழ்வோர் என்போர் யாவர்?

இவ்வறிக்கைகள் அனைத்திலும் தவறாது இடம்பெறும் அளவுகோல் தங்கிவாழ்வோர் விகிதமாகும். அறுபது அல்லது அறுபத்தைந்து வயதைக் கடந்தோரின் தொகையை, பதினைந்து வயது தொடக்கம் அவ்வெல்லை வரையுள்ளோரின் தொகையால் வகுத்துப் பெறுவது அது. இவ்விகிதம் ஏறுகின்றது, எனவே உழைப்போரின் தோளிற் சுமை ஏறுகின்றது என்பதே வாதம்.

இவ்விகிதம் அளப்பது வயதையே ஆகும். யார் யாரிற் தங்கி வாழ்கின்றார் என்பதை அது அளப்பதில்லை. அதன் கீழெண்ணில் 'தாங்குவோர்' எனச் சேர்க்கப்படுவோர் யாவர் என நோக்கினால் இது தெளிவாகும். பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞரும், பல்கலைக்கழக மாணவரும் அங்கே தாங்குவோராவர். இலங்கைப் பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே ஊழியப் படையினராகக் கணிக்கப்படுகின்றனர். எனினும் இவ்விகிதத்தில் எல்லாப் பெண்களும் தாங்குவோராகவே எண்ணப்படுவர். மறுபுறத்தில், மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் மகளின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்பும் எழுபது வயதுப் பாட்டி தங்கிவாழ்பவராவார். அந்த மகள் அனுப்பும் அந்நியச் செலாவணியைத் தேசிய வருமானக் கணக்கில் வரவு வைக்கின்றோம். அதனைச் சாத்தியமாக்கிய பாட்டியின் உழைப்பை அடுத்த பக்கத்திற் சுமையென எழுதுகின்றோம்.

இங்கே விசித்திரமானது யாதெனில், இக்கருத்தாக்கத்தை மறுக்கும் சான்று இதே நிறுவனங்களின் ஆய்வுகளிலேயே கிடைக்கின்றது. மிலான் வொடோபிவெக், நிஷா அருணதிலக்க ஆகியோர் உலக வங்கிக்காகச் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் உழைப்பிலிருந்து விலகும் வழிகள் இரண்டு என்று காட்டிற்று. அரச சேவையினரும் முறைசார் தனியார் துறையினரும் விதிக்கப்பட்ட வயதில் ஓய்வு பெறுகின்றனர். சுயதொழில் செய்வோரும் நாட்கூலிகளும் முதுமையிலும் நீண்ட நேரம் உழைக்கின்றனர். உடல் நலம் கெட்டு இயலாமற் போகும்போதே நிறுத்துகின்றனர். முதுமையில் உழைப்போருட் பெரும்பான்மையினர் இந்த இரண்டாம் வகையினரே என்பதும் அவ்வாய்வின் முடிபாகும். இம்முடிபை ஏற்றுக்கொண்டால், நம் முதியோருட் பெரும்பாலோரின் பிரச்சினை அவர்கள் உழைக்காமை அன்று. உழைப்பை நிறுத்த முடியாமையே என்பது பெறப்படும். 'ஓய்வு பெறுதல்' என்னும் தொடரே கடலுக்குப் போகும் தொழிலாளிக்கோ வயலிற் கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கோ பொருந்துவதன்று. அவர்கள் ஓய்வு பெறுவதில்லை, ஓய்ந்து போகின்றார்கள். அவ்வாறிருந்தும், 'உழைக்கும் காலத்தை நீட்டுக' என்ற பரிந்துரை இரு பகுதியினருக்கும் ஒருங்கே கூறப்படுகின்றது.

ஆசிய அபிவிருத்தி வங்கி அறிக்கையின் தலைப்பும் இத்தொடர்பில் உற்றுநோக்கத்தக்கது. செல்வமடையுமுன் முதுமையடைவது யார்? அத்தொடரின் எழுவாய் நாடு. நாட்டுக்கு முதுமை இல்லை, மனிதருக்கே முதுமையுண்டு. நாட்டை எழுவாயாக்கியதும் மனிதரின் நீண்ட ஆயுள் நாட்டின் நோயாகத் தோற்றமளிக்கத் தொடங்குகின்றது. 1946 இல் ஏறத்தாழ 43 ஆண்டுகளாயிருந்த பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு, மலேரியா ஒழிப்பாலும் இலவச வைத்தியத்தாலும் இலவசக் கல்வியாலும் தாய் சேய் நல சேவையாலும் உயர்ந்து, இன்று பெண்களுக்கு எழுபத்தெட்டையும் ஆண்களுக்கு எழுபதையும் கடந்து நிற்கின்றது. ஆளுக்கான வருமானம் மிகக் குறைவாயிருந்த நாளிலேயே நாம் இச்சாதனையைத் தொடங்கினோம். செல்வம் முன்னர், நலன் பின்னர் என்னும் வரிசையை இந்நாட்டின் வரலாறே பொய்ப்பித்துள்ளது. அவ்வரலாற்றின் பெறுபேறாகிய முதியோரை அளக்கும்போது மட்டும் அதே வரிசை மீண்டும் கொண்டுவரப்படுகின்றது.

3. சேமிப்பும் பாதுகாப்பும்

தம் முதுமைக்குத் தாமே சேமித்தல் பாதுகாப்பானது என்பது இவ்வாய்வு மரபின் இரண்டாவது எடுகோள். இலங்கையைப் பொறுத்தவரை இது புதிய ஆலோசனையன்று. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதியம் தனியாள் கணக்குகளைக் கொண்ட சேமிப்பு முறையே. இன்று ஊழியர் தம் சம்பளத்தில் 8 சதவீதத்தையும் தொழில்தருநர் 12 சதவீதத்தையும் அதற்குச் செலுத்துகின்றனர். 1980 இல் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்துவர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை மொத்தமாகப் பெறலாம். மாதந்தோறும் வருவது எதுவுமில்லை. ஒரே நாளிற் கைக்கு வரும் அத்தொகை வீட்டுக் கூரைக்கும் மகளின் திருமணத்துக்கும் பழைய கடனுக்கும் பிரிந்து போகும். இதனை ஊதாரித்தனம் என்பதற்கில்லை. உழைக்கும் காலத்தில் ஒத்திவைக்கப்பட்ட கடமைகள் அந்த ஒரு நாளுக்காகவே காத்திருக்கின்றன.

எடுத்துக்காட்டாக, பதினெட்டு வயதிற் பெயர் பதிந்து ஐம்பது வயதில் விலகும் தேயிலைத் தோட்டத் தொழிலாளப் பெண் ஒருவரைக் கருதுவோம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் பதினான்கு நாட் சம்பளம் உரியது. முப்பத்திரண்டு ஆண்டுக்கு 448 நாட் சம்பளம். 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்சம்பளத்திற் கணித்தால் 448,000 ரூபா. அவர் எழுபத்தெட்டு வயது வரை வாழ்ந்தால் அத்தொகை 336 மாதங்களுக்குப் பங்கிடப்படல் வேண்டும். மாதத்துக்கு 1333 ரூபா வரும். சேமலாப நிதியையும் சேர்த்துக் கொண்டாலும் முப்பத்திரண்டு ஆண்டு கொழுந்து பறித்த ஒருவரின் எஞ்சிய வாழ்நாளுக்கு அது போதாதென்பதை விளக்க வேண்டியதில்லை. வட்டி வரும் என்பர். விலைவாசியும் வரும்.

2022 ஆம் ஆண்டு இதனை ஐயந்திரிபறக் காட்டிற்று. அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 46.4 சதவீதம். அதே ஆண்டுக்குச் சேமலாப நிதிய அங்கத்தவருக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 9 சதவீதம். அதுகாறும் சேமித்தோர் ஒரே ஆண்டில் தம் சேமிப்பின் மெய்ப்பெறுமதியில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, வங்கிகளின் கைவசமிருந்த திறைசேரி முறிகள் விலக்களிக்கப்பட்டன. ஓய்வுகால நிதியங்களோ தம் முறிகளை நீண்டகாலப் புதிய முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டியனவாயின. மாற்றாவிடின் அவற்றின் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி என விதிக்கப்பட்டது. கடனை வாங்கியோர் அங்கத்தவர் அல்லர். நிதியத்தை எங்கு முதலிடுவது என்று அவர்களிடம் எவரும் கேட்டதுமில்லை.

இதிலிருந்து பெறப்படும் பாடம் ஆய்வுலகுக்கும் உரியது. சொந்தச் சேமிப்பு அரசிலிருந்து சுதந்திரமானது எனக் கருதுவது பிழை. அரசின் கடன்பத்திரத்தில் இடப்பட்ட சேமிப்பு அரசின் வாக்குறுதியே. வரியிலிருந்து தரப்படும் ஓய்வூதியமும் நிதியத்திலிருந்து தரப்படும் சேமிப்பும் ஈற்றில் ஒரே திறைசேரியின் நாணயத்தையே நம்பி நிற்கின்றன. முன்னையதை 'நிலைக்காதது' என்றும் பின்னையதை 'நிதியிடப்பட்டது' என்றும் வேறுபடுத்துவது, இடரை யார் சுமப்பது என்ற வினாவை மறைத்துவிடுகின்றது.

1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த விவசாயிகள் ஓய்வூதியத் திட்டமும் இதனையே உணர்த்தும். விவசாயி தவணை செலுத்தி அறுபது வயதின்பின் ஓய்வூதியம் பெறுவது அதன் ஏற்பாடு. தவணைகள் குறித்த ரூபாக் கணக்கில் நிலைத்து நின்றன, செலுத்துவோர் குறைந்தனர், பெறுவோர் பெருகினர். 2012 இற் கொடுப்பனவு தடைப்பட்டு, அரச நிதியுதவியோடு 2014 இல் மீண்டும் தொடங்கிற்று. தவணை செலுத்தி முடித்த விவசாயி அந்த இடைக்காலத்தில் எதனை நம்பியிருந்தார் என்பது எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை.

ஓய்வு வயது பற்றிய முடிவுகளும் ஆய்வைப் பின்பற்றியனவாகத் தெரியவில்லை. தனியார் துறையினரின் ஆகக் குறைந்த ஓய்வு வயதை அறுபதாக்கிய சட்டம் 2021 இல் நிறைவேறிற்று. அதே ஆண்டு நவெம்பரில் அரச ஊழியரின் ஓய்வு வயதை அறுபத்தைந்தாக உயர்த்துவதாக அறிவிக்கப்பட்டது. ஓராண்டு கழியுமுன் அது மீண்டும் அறுபதாக்கப்பட்டது. முதுமையின் எல்லை ஓராண்டில் ஐந்தாண்டு முன்னும் பின்னும் நகர்ந்தது மனித உடல் மாறியதால் அன்று. திறைசேரியின் தேவை மாறியதாலேயே எனக் கொள்ளல் தகும்.

4. ஒரே பையும் இரண்டு அத்தியாயங்களும்

இவ்வறிக்கைகளின் அமைப்பை நோக்கும்போது மற்றொரு குறை புலனாகும். வருமானத்துக்கு ஓர் அத்தியாயம், சுகாதாரத்துக்கு ஓர் அத்தியாயம் என அவை பிரிந்து நிற்கும். ஓய்வூதியத்தைப் பொருளியலாளரும் நோயை வைத்தியரும் எழுதுவர். முதியவரின் வீட்டிலோ இரண்டுக்கும் ஒரே பணப்பைதான் உண்டு.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 1951 முதற் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. இது இந்நாட்டின் வறியோர் பெற்ற பெரும்பேறு. ஆயினும் இவ்வமைப்பு தாய் சேய் நலனுக்கும் தொற்று நோய்க்கும் விபத்துக்கும் ஏற்ப வளர்ந்தது. நோயாளி வருவார், குணமடைவார், போவார் என்பதே அதன் உள்ளார்ந்த கற்பனை. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் மூட்டு வாதமும் அவ்வாறு குணமாகிப் போவன அல்ல. மாதந்தோறும் கிளினிக் நாளில் விடியற்காலையிற் பஸ் ஏறி, இலக்கம் பெற்று, நண்பகல் வரை வாங்கிலில் இருந்து, மருந்து பெற்றுத் திரும்புவது முதியவரின் வாழ்க்கை முறையாகிவிடுகின்றது. சிகிச்சை இலவசம், பஸ் கட்டணமும், உடன் வருபவர் இழக்கும் நாட்கூலியும், வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியில் வாங்க எழுதித் தரப்படும் துண்டும் இலவசமல்ல. 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டின்போது அத்துண்டுகள் பெருகின. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதியை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்துகின்றனர் என்பது மறக்கற்பாலதன்று.

தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக 2011 முதல் நாடெங்கும் ஏற்படுத்தப்பட்ட பரிசோதனை நிலையங்கள் தொடக்கத்தில் 40 முதல் 65 வயது வரையினரையே இலக்காகக் கொண்டன. உழைப்போரின் உடலைக் காத்தல் முதன்மை பெற்றது. அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அறுபத்தைந்தைக் கடந்தவர் தடுப்பு மருத்துவத்தின் கண்ணிலிருந்து மறைந்து நோயாளியாக மட்டுமே மீண்டும் தோன்றுகின்றார். தங்கிவாழ்வோர் விகிதம் வரைந்த அதே கோட்டையே சுகாதாரத் திட்டமும் வரைந்துள்ளமை தற்செயலானதன்று. ஓர் அளவுகோல் எழுத்தில் மட்டும் நின்றுவிடுவதில்லை. அது வாசற்கதவாகவும் மாறுகின்றது.

படுக்கையிலான முதியவரைப் பராமரிப்பது யார் என்ற வினாவுக்கு அறிக்கைகள் பெரும்பாலும் 'குடும்பம்' என விடை கூறும். குடும்பம் என்பது இங்கு ஒரு பெண்ணுக்கு இட்ட மறுபெயர். மாமியாரைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட மருமகள் தன் முதுமைக்கான சேமலாபத் தவணைகளையும் அன்றே விட்டுவிடுகின்றாள். இன்றைய முதுமைக்கான பராமரிப்புச் செலவு நாளைய முதுமையின் வறுமையாக இவ்வாறு கைமாறுகின்றது. சுகாதாரத்தையும் வருமானத்தையும் ஒரே அத்தியாயத்தில் எழுதினாலன்றி இக்கைமாற்றம் தெரியவராது.

5. எண்ணப்படாத முதியோர்

இதுவரை கூறியவை எண்ணப்பட்டோர் பற்றியவை. எண்ணப்படாதோரும் உளர். 1981 இன் பின்னர் 2012 வரை இந்நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 மதிப்பீடு 25 மாவட்டங்களுள் 18 இலேயே முழுமையாக நடைபெற்றது. 2006/07 வீட்டு வருமானச் செலவின ஆய்வு வட மாகாணத்தையும் திருகோணமலை மாவட்டத்தையும் சேர்க்கவில்லை. போர்க்காலத்தில் அது இயலாதிருந்தது என்பது உண்மை. ஆனால் முதுமை பற்றிய கொள்கை ஆய்வு இந்நாட்டில் உருப்பெற்ற காலம் இதுவே. 'இலங்கை முதியோர்' என அன்று எழுதப்பட்டவற்றுட் பலவற்றில் வடக்கின் முதியோர் இல்லை. அடிக்குறிப்பொன்றில் விலக்கப்பட்டு, மேலே பொதுமைப்படுத்தப்பட்டனர்.

இந்த இன்மை வெறும் எண்ணிக்கைக் குறைபாடன்று. முதியோர் ஆய்வுகளிற் பிள்ளையோடு சேர்ந்து வாழ்தல் ஆதரவின் அடையாளமாகக் கொள்ளப்படுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஐந்து அறை கொண்ட வீட்டில் இரு முதியோர் மட்டும் வாழ்கின்றனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ளனர். பணம் வருகின்றது, இரவிற் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல ஆளில்லை. மலையகத்தில் லயன் அறையொன்றில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்கின்றது, ஆளுண்டு, பணமில்லை. வன்னியிலே போரிற் பிள்ளைகளை இழந்த தாய்க்கு இரண்டுமே இல்லை. ஒரே அடையாளத்தால் இம்மூவரையும் அளந்தால், முதலாமவர் கைவிடப்பட்டவராகவும் இரண்டாமவர் ஆதரவுள்ளவராகவும் பதிவாவர். மூன்றாமவர் முதலாமவரோடு ஒரே கட்டத்தில் அடைபடுவார்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெறுவதற்கு ஒரு சபையை நாட வழி செய்தது. நன்னோக்கமுடையதே. ஆயினும் அதன் அடியிலுள்ள குடும்பம், அருகில் வாழும், வருமானமுள்ள, உயிரோடிருக்கும் பிள்ளையைக் கொண்ட குடும்பம். மேற்கூறிய மூன்று வீடுகளுள் அத்தகைய குடும்பம் எது? கடல் கடந்த மகனைச் சபையின் கட்டளை எவ்வாறு எட்டும்? லயன் அறையிலுள்ள மகனிடம் சபை எதனைப் பெற்றுத் தரும்? ஆய்வு எண்ணாது விட்டோரைச் சட்டமும் எண்ணாது விடுகின்றது.

6. ஒரு மறுப்பும் முடிவும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். திட்டமிடுவோருக்கு விகிதங்கள் தேவை. திறைசேரியின் வறுமை கற்பனையன்று. அனைவருக்கும் ஓய்வூதியம் என்பது செல்வ நாடுகளுக்கே இயலும் என்பர். முதலிரண்டும் ஏற்கத்தக்கனவே. வயதமைப்பை அறியாது எந்த அரசும் வைத்தியசாலை கட்ட இயலாது. மூன்றாவது ஏற்கத்தக்கதன்று. நம்மிலும் வறிய நேபாளம் 1995 இல் எழுபத்தைந்து வயதைக் கடந்த அனைவருக்கும் மாதம் நூறு நேபாள ரூபா வழங்கத் தொடங்கிற்று. ஆபிரிக்காவின் சிறு நாடாகிய லெசோத்தோ 2004 இல் எழுபது வயதைக் கடந்தோருக்கு ஓய்வூதியம் அளிக்க முற்பட்டது. தொகை சிறிது; வயது எல்லை உயர்வு. எனினும் செல்வமடைதல் முன்நிபந்தனை அன்று என்பதை அவை நிறுவின. இலங்கையிலும் எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு மாதம் 1000 ரூபாவாகத் தொடங்கிய முதியோர் கொடுப்பனவு பின்னர் உயர்த்தப்பட்டது. ஆனால் அது இரந்து பெறும் உதவியாக, வறுமையை நிரூபித்தோருக்குரிய பட்டியலாகவே நின்றது. ஆயுள் முழுவதும் உழைத்தவர் கிராம உத்தியோகத்தர் முன் தம் வறுமைக்குச் சான்று காட்ட வேண்டியுள்ளது. அரச ஊழியர் தம் ஓய்வூதியத்துக்கு அவ்வாறு எதனையும் நிரூபிப்பதில்லை.

கொள்கை ஆய்வு இனிச் செய்ய வேண்டியன சில இதுகாறும் கூறியவற்றால் தெளிவாகும். வயதை அளந்து அதனைத் தங்கியிருத்தல் என அழைக்கும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். முதியோர் தருவதும் பெறுவதும் ஒருங்கே கணிக்கப்படல் வேண்டும். ஒவ்வோர் ஓய்வூதிய ஆலோசனையும், விலை உயரும்போதும் அரசு கடனில் மூழ்கும்போதும் இழப்பு யாரைச் சேரும் என்ற வினாவுக்கு விடை கூறல் வேண்டும். வருமானமும் நோயும் பராமரிப்பும் ஒரே வீட்டின் கணக்காக எழுதப்படல் வேண்டும். ஆய்விலிருந்து விலக்கப்பட்ட பகுதிகளும் பிரிவினரும் அடிக்குறிப்பில் அடங்காது முடிவுரையிற் பேசப்படல் வேண்டும். இவை யாவும் தமிழிலும் சிங்களத்திலும், அம்முதியோரும் அவர்தம் பிள்ளைகளும் வாசித்து மறுத்துரைக்கக் கூடிய நடையில் வெளிவரல் வேண்டும்.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருளுண்டு. முதியோரைக் கணக்கிடுவதில் நம் ஆய்வுகள் கணிசமான தூரம் வந்துள்ளன. அவர்களைப் பற்றிச் சிந்திப்பதில் இன்னும் செல்ல வேண்டிய தூரம் அதிகம். இந்தப் பக்கங்களை இன்று வாசிக்கும் மாணவர் 'தாங்குவோர்' என்னும் கட்டத்தில் எண்ணப்படுகின்றனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அவர்களும் மற்றைய கட்டத்துக்கு மாற்றப்படுவர். அக்கட்டத்துக்கு எப்பெயர் சூட்டுவது என்பதை இன்றே தீர்மானித்தல் அவர்தம் கடமையாகும்.